மஸ்கட்டா, ரைபிளா? அருங்காட்சியகத்தில் கண்டுபிடிப்பது எப்படி

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி என்றால் முதலில் அதன் பக்கவாட்டில் இருக்கும் சுத்தியலைப் பாருங்கள், விசையை இழுத்தால் அடிக்கும் பாகம் அது. அதன் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருந்தால் அநேகமாக பிரௌன் பெஸ் மஸ்கட். குழாயின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர், உள்ளே வழவழவென்றிருக்கும், மஸ்கட்டின் அடையாளமே அந்த வழவழப்புதான்; ரைபிளில் பள்ளங்கள் இருக்கும். கல் இல்லையென்றால் உடனே ரைபிள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், 1842 மாடலிலும் கல் கிடையாது, ஆனால் அதுவும் மஸ்கட்தான்.

சரி, அப்புறம்? கண்ணாடிக்கு வெளியிலிருந்தே குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். 1853 என்ஃபீல்டு ரைபிளில் மூன்று பள்ளங்கள் மெல்லச் சுருண்டு உள்ளே போகும். அடிப்பக்கம் குழிந்த ஈயக்குண்டு, வெடிக்கும்போது விரிந்து அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். தூரத்துக் குறியும் தப்பாததற்கு இந்தச் சுழற்சிதான் காரணம். இன்னொன்று, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே, பார்க்க அச்சு அசல் என்ஃபீல்டு போல, பள்ளமே இல்லாத துப்பாக்கிகளைச் செய்தார்கள்.