பேரில்தான் பலா

சீமைப்பலாக் காயை வேலூர்ப் பக்கம் யாரிடம் காட்டினாலும் "பிஞ்சுப் பலாவா?" என்பார்கள். ஜவ்வாது மலைப் பலாச்சுளை தின்று வளர்ந்த வாய், வேறென்ன கேட்கும்? தப்பெல்லாம் தொடங்குவது அங்கேதான்.

பழுக்கட்டும் என்று சாக்கில் சுற்றி வைக்காதீர்கள். இதில் சுளை கிடையாது; பெரும்பாலும் கொட்டையும் கிடையாது. முற்றிய காயைக் கறி சமைக்க வேண்டும். கறிப்பலா என்று இன்னொரு பெயரும் உண்டு. பறித்த இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும், பிறகு குழம்பில் போட்டால் கரைந்துபோகும். தோலில் மேடுகள் மழுங்கி, அங்கங்கே பால் கசிந்து காய்ந்த கறை இருந்தால் பதமான காய்.

அரியும்போது கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவுங்கள். நடுத்தண்டை நீக்குங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை அரிந்ததும் தண்ணீரில் போடுவோமே, அதுபோலப் போடாவிட்டால் இதுவும் கறுத்துவிடும்.

அடுத்தது, காய்தானே என்று சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்வது. 100 கிராமில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து, உருளைக்கிழங்கைவிட அதிகம். பசிபிக் தீவுகளில் சோறே இதுதான். தீயில் முழுசாகச் சுடுவார்கள். மிஞ்சியதைக் குழியில் இலை பரப்பிப் புளிக்கவைத்து மாதக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். இலங்கையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைக்கிறார்கள். எனக்கு வறுவல்தான் பிடிக்கும்; கூடவே சோற்றைக் குறைத்துக்கொள்வேன்.

நடுவதிலும் பலா நினைப்பு கெடுக்கும். கொட்டை தேடி அலையாதீர்கள், வேரிலிருந்து கிளம்பும் கன்றுதான் நடவுக்கு. கொட்டை இருந்திருந்தால் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கேப்டன் பிளை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார். கரீபியன் தோட்டங்களின் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, பசிபிக் தீவான தாகித்தியிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் கன்றுகளைத் தொட்டியோடு பவுன்ட்டி கப்பலில் ஏற்றினார். 1789இல் கலகம் செய்த மாலுமிகள் அத்தனையையும் கடலில் வீசினார்கள். மறுபடி போய் 1793இல்தான் ஜமைக்காவில் சேர்த்தார்.

நம் மானாவாரிக் கொல்லையில் நட்டுவிட்டு மழையை நம்பினால் கன்று தங்காது. அதற்கு ஈரக்காற்றும் நல்ல மழையும் வேண்டும். இங்கே மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பாலாற்றோரத் தென்னந்தோப்பில், நிழலில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடுங்கள். முதல் இரண்டு கோடைக்காவது வேர்மேல் தென்னைமட்டை மூடாக்கு இருக்கட்டும்.