புயல் வலுவிழந்த பிறகுதான் மலையில் கூடுதல் கவனம் தேவை

கரையைக் கடந்த புயல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்துவிட்டது என்று செய்தியில் கேட்டவுடன், கொடைக்கானல் மலைப்பகுதியில் இருப்போர் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. காற்றின் வேகம் தணிந்தாலும் அது சுமந்து வரும் ஈரம் எளிதில் குறைவதில்லை. அந்த ஈரக்காற்று கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் சரிவில் மோதி மேலெழும்பிக் குளிர்வதால், சில மணி நேரத்திலேயே பெருமழை கொட்டிவிடக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், வலுவிழந்தபடியே திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது இங்கும் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது.

ஓடையைக் கவனியுங்கள். தெளிந்து ஓடிய நீர் திடீரெனச் செம்மண் நிறமாகிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ, மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று பொருள். வீட்டுச் சாமானை எடுக்கத் திரும்பாமல், ஓடையின் போக்கிலிருந்து விலகிப் பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் நீரும் ஆளைச் சாய்த்துவிடும். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் அந்நாட்களில் கும்பக்கரை அருவியில் குளிக்க வேண்டாம். அங்கே வந்து விழுவது கொடைக்கானல் மலையில் பெய்த மழை. இரவில் மலைப்பாதைப் பயணம் வேண்டவே வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.