காயிலைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கொளுத்தாதீர்கள்

மின்சிகரெட்டான வேப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். அண்மையில் அதைச் சுற்றக் கற்றுக்கொண்ட நண்பர் ஒருவர், போன வாரம் என் எதிரே அமர்ந்து தன் வேப்பைச் சுத்தம் செய்தார். திரவத்தை உறிஞ்சிவைக்கும் பழைய பஞ்சை உருவினார், பொத்தானை அழுத்தினார். காயில் சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கும்வரை விரலை எடுக்கவில்லை. "பாருங்கள், அழுக்கெல்லாம் எப்படிப் போகிறது!" என்றார். சில வருடங்களுக்கு முன் இதே பெருமையோடு இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். கை கழுவுவது, சிவந்த கம்பியைத் தொடாமல் இருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. காயிலைக் கையாள்வதில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முழு வாட்டில் சுடுவது

என் எரிச்சல் எல்லாம் இதன்மேல்தான். காயிலில் படிகிற கறுப்பு, பெரும்பாலும் திரவத்தில் உள்ள இனிப்பும் மணச்சேர்மங்களும் கருகியது. சூடு அதை உதிரும் பொடியாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். உதிர்ப்பது தூரிகையின் வேலை. இந்தப் பங்கீடு புரியாதவர்கள் தூரிகை செய்ய வேண்டியதையும் நெருப்பையே செய்யச் சொல்கிறார்கள்.

கம்பி தாங்கத்தான் செய்யும். காந்தல் என்ற உலோகக் கலவை ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் நிற்கும். (தமிழில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் அடிப்பிடித்த சோறுதான் நினைவுக்கு வருகிறது. எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.) தாங்காதது கம்பிக்குக் கீழே இருக்கிறது. காயிலின் ஒரு காலைப் பிடித்திருக்கும் நேர்மின் தூணை உலோகத் தளத்திலிருந்து பிரித்து வைக்கும் சிறிய வளையம், பல அட்டமைசர்களில் (காயிலும் பஞ்சும் இருக்கும் மேற்பகுதி) பீக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது 343 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். காயிலின் கால்கள் (கம்பியின் இரு நுனிகள்) வழியாகத் தூணுக்கு இறங்கும் சூடு அந்த வளையத்தைத்தான் போய்ச் சேர்கிறது.

நான் 60 வாட்டில் வைத்து, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் கருவி (பேட்டரி உள்ள கீழ்ப்பகுதி) அவ்வப்போது 'ஷார்ட்' என்று காட்டத் தொடங்கியது. கம்பியைக் குறை சொன்னேன். மூன்று முறை புதுக் காயில் சுற்றினேன், திருகுகளை மாற்றினேன், கருவியே பழுது என்று தீர்மானித்து இன்னொன்று வாங்கவும் வாங்கினேன். அதிலும் அதே செய்தி. கடைசியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்து தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடியில் இருந்த வளையம் உருக்குலைந்து கிடந்தது. அந்த மாதிரிக்கு உதிரி வளையம் எங்கும் கிடைக்கவில்லை. நல்ல அட்டமைசர் குப்பைக்குப் போனது; தேவையில்லாமல் வாங்கிய கருவி மட்டும் மிஞ்சியது.

இப்போது செய்வது இதுதான். தொட்டி, கண்ணாடி, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். ஜன்னலைத் திறந்துவைக்கிறேன், அந்தப் புகை மூக்குக்கு வேண்டாம். சாதாரணக் காயில் என்றால் 15 வாட். இரண்டு விநாடி அழுத்தி, விட்டு, ஆறவிட்டு, மறுபடி. மங்கிய ஆரஞ்சு நிறம் வந்தால் போதும். நான்கைந்து முறைக்குப் பிறகு முழுதாக ஆறவைத்து, குழாய்த் தண்ணீரில் மென்மையான தூரிகையால் தேய்க்கிறேன். கறுப்பு மிச்சமிருந்தால் எல்லாம் மறுபடி ஒருமுறை. சிவந்த காயிலைத் தண்ணீரில் 'சுர்' என்று முக்குபவர்கள் உண்டு. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, நான் செய்வதில்லை.

காயிலில் கம்பியின் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் பீங்கான் முனை இடுக்கியால் லேசாக வருடிவிடுங்கள். அழுத்தியபடியே உலோக இடுக்கியால் தொடுவது ஷார்ட்டுக்கு வழி.

எந்தக் கம்பி என்று தெரியாமல் சுடுவது

காந்தல், நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) இரண்டையும் சுடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை இன்னும் மிதமாக. சுத்த நிக்கலையும் டைட்டானியத்தையும் சிவக்கவே விடக்கூடாது. கம்பியின் வெப்பநிலையைக் கருவியே கவனித்து மட்டுப்படுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டில் மட்டும் அவை ஓடவேண்டியவை. அதிகம் சூடான டைட்டானியத்தின்மேல் வெள்ளைப் பொடியாக அதன் ஆக்சைடு படியும். அதை நுரையீரலுக்கு அனுப்ப யாரும் விரும்பமாட்டார்கள். உறையில் பெயர் எழுதாத கம்பிச் சுருளை நான் தொடுவதே இல்லை.

பஞ்சைத் திணிப்பது

நிறைய வைத்தால் நிறைய உறிஞ்சும் என்று தோன்றும். நேர்மாறு. இறுகிய பஞ்சில் திரவம் நகராது, நடுப்பகுதி காய்ந்து தீயும், முதல் இழுப்பிலேயே தொண்டை கரிந்துபோகும். பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்கவேண்டும். காயிலே வளைந்து கூடவே வந்தால் அதிகம். உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் குறைவு, ஒழுகும். காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சு வால்களின் நுனியைச் சீவி மெலிதாக்கி, திரவம் வரும் துளைகளை மூடும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள், அடைக்காதீர்கள்.

பஞ்சு இருக்கும்போதே சுடுவது

வேண்டாம்.

ஓம் பார்க்காமல் மூடுவது

சுட்டு ஆறும்போது திருகு தளரும். இறுக்கிவிட்டு, பஞ்சு வைப்பதற்கு முன் காயிலின் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். நேற்று 0.2 ஓம் இருந்த காயில் இன்று 0.1 காட்டினால் எதுவோ எதையோ தொடுகிறது. முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் என்றால் 21 ஆம்பியர் 42 ஆகிவிடும். 20 ஆம்பியர்தான் தாங்கும் பேட்டரியைக்கூட ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள். சிப் உள்ள கருவி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அல்லது மறுத்துவிடும். சிப் இல்லாத மெக்கானிக்கல் குழாய் எதையும் மறுக்காது.

கால்களை நீளமாக விடுவது

மூடியைத் தொடும். வெட்டுங்கள்.

ஒரே காயிலை விடாப்பிடியாக வைத்திருப்பது

தேய்த்தும் பளபளப்பு வரவில்லை, சுற்றுகள் சீராகச் சிவக்கவில்லை, கம்பி மெலிந்திருக்கிறது என்றால் கழற்றி எறியுங்கள். ஒரு சாண் கம்பிக்காகத் தூணைப் பணயம் வைக்கவேண்டாம்.

நண்பரிடம் தூணைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். லேசாக ஆடியது. திருகு தளர்ந்திருக்கும் என்றார்.