டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தையின் எலும்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை (உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) என்று தெரிந்ததும் கண், சிறுநீரகம், பாதம் என்று கவலைப்படுகிறோம். எலும்பு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எலும்பு பலத்தில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், பள்ளிப் பருவத்திலேயே கவனிக்க வேண்டும்.

பெரிய தவறு, சர்க்கரை எகிறிக் கிடக்கும்போது கால்சியம் மாத்திரையை மட்டும் நம்புவது. சர்க்கரை கூடினால் சிறுநீர் அதிகம் போகும், அதோடு கால்சியமும் போய்விடும். எலும்பில் உள்ள கொலாஜன் நாரில் சர்க்கரை ஒட்டிக்கொள்வதால் எலும்பு எளிதில் நொறுங்கக்கூடியதாகிறது; ஸ்கேனில் அடர்த்தி சரியாகத் தெரிந்தாலும் உடையலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது. உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்சுலினைக் குறைப்பது. 12, 13 வயதில் டோஸ் ஏறும்போது 'நோய் முத்திடுச்சு' என்று பயந்து, சில வீடுகளில் ஒன்றிரண்டு யூனிட்டைத் தாங்களாகவே குறைத்துவிடுகிறார்கள். பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும், அதனால்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எலும்பைக் கட்டும் செல்களுக்கும் இன்சுலின் வேண்டும். எலும்பு வேகமாக வளரும் அந்த வயதில் குறைப்பது இரட்டை நஷ்டம்.

'பாலில் சர்க்கரை இருக்கிறது' என்று பாலையே நிறுத்துவதும் சரியில்லை. 150 மில்லி பாலில் மாவுச்சத்து சுமார் 7 கிராம்தான், கால்சியமோ ஏறக்குறைய 180 மில்லிகிராம். 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் தேவை. அந்த 7 கிராமை இன்சுலின் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கேழ்வரகு விஷயத்தில் இதற்கு நேர் எதிர். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் மாவுச்சத்தும் 65 கிராமுக்கு மேல். வெல்லம் போட்ட கஞ்சியாகக் கொடுத்துவிட்டு, 'கேழ்வரகுதானே' என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் மீட்டரில் எண் சர்ரென்று ஏறும். அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டு, தயிரோடு அளவாகக் கொடுங்கள்.

சர்க்கரை இறங்கிவிடும் என்ற பயத்தில் விளையாட விடாமல் வைத்திருக்காதீர்கள். ஓடுவதும் குதிப்பதும்தான் எலும்பை உறுதியாக்கும். விளையாடும் முன் ஒரு தடவை மீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்து, ஏறியபின் அனுப்புங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்க்காமல் விளையாட விட வேண்டாம். குளுக்கோஸ் கையோடு இருக்கட்டும்.

வைட்டமின் டி குறைவா என்று ரத்தம் பார்க்காமல், கடையில் 60,000 யூனிட் சாஷேவை வாங்கி வாரா வாரம் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் சிறுநீரகம் கெடும்.

பிள்ளை உயரமாகாமல் நின்றுவிட்டாலோ, வயிறு அடிக்கடி உப்பினாலோ சீலியாக் நோயாக (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கலாம். டைப் 1 உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படும், கால்சியம் உடலில் சேராமலும் தடுக்கும். அதற்காகச் சப்பாத்தியை நீங்களாக நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமையை நிறுத்திய பிறகு ரத்தம் எடுத்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.