மலையில் ரொக் கொன்சர்ட்: முடிக்கும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

கலைவிழாவுக்கு ரொக் கொன்சர்ட் வைக்கப் போகிறோம் என்று ஜூனியர்கள் எனக்குக் கோல் எடுத்தால், எந்த பேண்டைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கெம்பஸில் இரண்டு வருடம் மேடையும் சவுண்டும் என் பொறுப்பில் இருந்தன. அதில் படித்த முதல் பாடம் இந்தக் கேள்வி.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. விசேட நிகழ்வு என்று விலக்குக் கேட்க வழி உண்டு, ஆனால் அதை நம்பி நிகழ்ச்சி போடாதீர்கள். கடைசிப் பாட்டு 9.30க்கு முடிய வேண்டும். மிச்ச அரை மணி நேரம் இழுபறிக்கு. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: பெரிய பேண்ட் 8.15, நம் மாணவர் பேண்டுகள் 6 மணி, வாசல் திறப்பது 5 மணி, சவுண்ட் செக் 1 முதல் 4 வரை. அப்படியென்றால் பகல் 12க்குள் மேடையும் வயரும் தயாராக இருக்க வேண்டும். வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு, நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பஸ் இருக்காது. அவர்களுக்கு ஒரு வேன் பேசி, அதன் செலவை முதல் பட்ஜெட்டிலேயே போடுங்கள்.

திகதி ஊரைப் பொறுத்தது. பேராதனை என்றால் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை கொட்டும். பதுளைக்கு ஜூன், ஜூலை. டிசம்பரில் அங்கே வடகீழ்ப் பருவமழை நிற்காது. கண்டியில் எசல பெரஹரா என்ற பெரிய ஊர்வலத் திருவிழா நாட்களைத் தொடவே வேண்டாம், பாதையும் பொலிசும் அதற்கே போதாது. போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினமும் வேண்டாம். தீபாவளியை ஒட்டி வைத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

கடிதங்களை ஆறு வாரத்துக்கு முன்பே கொடுங்கள்: மாணவர் விவகாரப் பிரிவு, மார்ஷல் (கெம்பஸ் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்), பொலிஸ். ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்த பிரதி ஒன்றை வாங்கி ஒரே ஃபைலில் போட்டுக் கையில் வைத்திருங்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். எங்கள் முதல் வருட சவுண்ட் செக்கில், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்த பையன் அப்படியே பின்னால் தூக்கி எறியப்பட்டான். உதடு வெள்ளையாகிவிட்டது. நல்ல காலம், வேறொன்றும் ஆகவில்லை. பார்த்தால், வாடகைக்கு வந்த கிட்டார் அம்ப்ளிஃபையரில் (அம்ப்) ஊம் என்ற இரைச்சலை நிறுத்த யாரோ எர்த் வயரையே வெட்டியிருந்தார்கள். அம்ப் பழுதானால் அதன் கரண்ட் கிட்டார்த் தந்திக்கு வரும். மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தில் நிற்கிறது. நடுவில் நிற்பவன் பாடகன். அன்றிலிருந்து என் கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார்த் தந்தியிலும் மற்றதை மைக்கின் கம்பி வலையிலும் தொடுங்கள். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினாலே அந்த அம்பைக் கழற்றி வையுங்கள். மேடை லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஜெனரேட்டருக்கும் எர்த் கம்பி அடிக்கச் சொல்லுங்கள், அதையும் எலக்ட்ரீஷியன் ஒருவரே பார்க்கட்டும். ஜெனரேட்டரில் 30 கேவிஏ என்று போட்டிருந்தால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 24 கிலோவாட் என்று கணக்குப் போடுங்கள். லைட்டும் சவுண்டும் தனித்தனி ஃபேஸில் இருக்கட்டும்.

அப்புறம் மலை. எதிரே 170 மீட்டரில் ஒரு மலைச்சரிவு இருந்தால், டிரம்ஸ் அடி அங்கே போய் மோதி ஒரு செக்கன் கழித்துத் திரும்பி வரும். தாளம் குழம்பிவிடும். இடம் பார்க்கப் போகும்போது மேடை வரும் இடத்தில் நின்று பலமாகக் கை தட்டிக் கேளுங்கள். மேடையின் முதுகு மலைக்கு இருக்கட்டும், ஸ்பீக்கரை உயரத்தில் கட்டி முகத்தைக் கூட்டத்தின் பக்கம் கீழே சாய்த்து வையுங்கள். இருட்டியபின் பள்ளத்தில் குளிர்காற்று தங்கும். அப்போது சத்தம் பகலைவிடத் தூரம் போகும். அதனால் பகலில் வைத்த அளவை ஏழு மணிக்குக் கொஞ்சம் இறக்குங்கள். கீழே லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கைக்குழந்தைகள் தூங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ரொக் பேண்டோடு தப்பு என்ற தோல் மேளத்தைச் சேர்த்தது. தோட்டத்தில் இருந்து ஒரு மாமாவைக் கூட்டி வந்தோம். மைக்கெல்லாம் வைத்து அவரை அடிக்கச் சொன்னால், தப்பு சத்தமே இல்லாமல் தொப் தொப் என்றது. "குளிருக்குத் தோல் செத்துப்போச்சு புள்ள, சூடு காட்டினாத்தான் பேசும்" என்றார். பழைய பேப்பரைக் கொளுத்தி, தப்பைத் தீயின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி காட்டினார். மூன்றாம் முறை 'டங்' என்று வந்த சத்தத்துக்கு எங்கள் டிரம்ஸ்காரன் எழுந்து நின்றுவிட்டான். ஆகவே தப்பு சேர்த்தால், மேடைக்குப் பின்னால் தீ மூட்ட ஓர் இடம் ஒதுக்குங்கள். டீசலுக்கும் பொலித்தீனுக்கும் தூரமாக, ஒரு வாளித் தண்ணீரோடு, மார்ஷலிடம் சொல்லிவிட்டு. சூடு காட்டிய பிறகுதான் மைக் அளவு வைக்க வேண்டும். கிட்டாருக்கு இது தலைகீழ்: குளிரில் தந்தி இறுகிச் சுருதி ஏறும். மேடை ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே கிட்டாரைப் பெட்டியில் இருந்து எடுத்து வைத்து, பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் போகட்டும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் கிடைத்தால் நல்லது. பேண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, மழை வந்தால் மாற்றுத் திகதி எது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

முடிந்ததும் பனியில் நனைந்த கேபிளை அப்படியே சுருட்டாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே சுருட்ட நான்கு பேரை முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சலும் சூடாகப் பிளேன்டீயும் எடுத்து வைக்க இன்னொருவர்.