மனச்சோர்வோடு வாழும்போது கதை, கவிதை எழுதத் தொடங்குவது எப்படி?

எழுத ஆசை இருந்தும் பேனாவை எடுக்கக் கை வராதவர்கள் பலர். அவர்களில் ஒரு சாராருக்கு நேரமின்மையும் பழக்கமின்மையும்தான் தடை என்பதால், வழக்கமான எழுத்துப் பயிற்சிக் குறிப்புகளே அவர்களுக்குப் போதும். மனச்சோர்வு என்னும் நோயோடு வாழ்பவரிடம் போய் ‘அதிகாலையில் எழுந்து தினமும் ஆயிரம் சொல் எழுதுங்கள்’ என்று சொன்னால் பயன் இல்லாததோடு கேடும் விளையும்; எழுத முடியாமல் போகிற ஒவ்வொரு நாளும் அவர் தம்மைத் தாமே திட்டிக்கொள்ள இன்னொரு காரணமாகிவிடும். இந்தச் செய்முறை அத்தகையவருக்காக எழுதப்பட்டது. விலை குறைந்த கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒரு பேனா அல்லது செல்பேசி, நாளில் பத்து நிமிடம் ஆகியவை இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: ஊக்கம் ஏன் வருவதில்லை?

தொடர்ந்து குறைந்தது இரண்டு வாரங்கள் மனம் தாழ்ந்திருப்பதையும், முன்பு பிடித்த எதிலும் இன்பமோ நாட்டமோ தோன்றாமல் போவதையும் மருத்துவர்கள் இந்நோயின் முதன்மையான அறிகுறிகளாகக் கொள்கிறார்கள். தூக்கம் கெடுவது, கவனம் நிலைக்காதது, சிறு முடிவுக்குக்கூட நெடுநேரம் தடுமாறுவது ஆகியவை அவற்றோடு சேர்ந்து வரும். ஆகவே ‘ஊக்கம் வந்ததும் எழுதுகிறேன்’ என்று காத்திருப்பவர், உண்மையில் நோயின் அறிகுறி ஒன்று தானாக விலகட்டும் என்று காத்திருக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் இதை ஒரு சுழலாக விளக்கினார். மனம் சோர்ந்தவர் செயல்களைக் குறைத்துக்கொள்கிறார். செயல் குறையக் குறைய வாழ்விலிருந்து கிடைக்கும் சிறு மகிழ்ச்சிகளும் குறைகின்றன. அதனால் மனம் மேலும் தாழ்கிறது. இந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து உடைக்கலாம் என்ற கருத்தின்மேல் ஒரு சிகிச்சை முறையே எழுந்தது. 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பயிற்சிகள் எல்லாம் அடங்கிய முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன், செயல்களைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பகுதியை மட்டும் பெற்றவர்களுக்கும் கிடைத்தது. செயல் முன்னால் வரும், ஊக்கம் பின்னால் வரும் என்ற அந்த வரிசையில்தான் இங்குள்ள படிகள் அமைந்துள்ளன.

படி 1: சிகிச்சையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்

எழுதுவதை மருந்தாக எண்ணித் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் இரண்டு கவிதை எழுதிய பிறகும் மனம் தேறாதபோது, கவிதை தோற்றதாகவும் நீங்கள் தோற்றதாகவும் தோன்றும். மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘மாத்திரையால்தான் சொற்கள் வரவில்லை’ என்று நினைத்துத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. ‘ஒரே பத்தியை மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது’, ‘மதியம்வரை தூக்கக் கலக்கம் தெளியவில்லை’ என்று நடப்பதைத் துல்லியமாகச் சொன்னால், அளவையோ நேரத்தையோ மாற்றுவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார்.

நம் இலக்கிய வட்டங்களில் உலவும் ஒரு நம்பிக்கையையும் இந்த இடத்தில் ஒதுக்கிவிடலாம். துன்பப்படுகிறவனுக்குத்தான் நல்ல எழுத்து வரும், குணமாகிவிட்டால் எழுத்து வற்றிவிடும் என்கிறார்கள். துயரம் கதைக்குக் கரு ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவை வாக்கியமாக்க வேண்டிய கவனம், நினைவாற்றல், உட்காரும் திராணி ஆகியவற்றைத்தான் நோய் முதலில் பறித்துக்கொள்கிறது. சிகிச்சைக்குப் போவதால் எழுத்தாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

படி 2: உங்கள் பொழுதைக் கண்டுபிடியுங்கள்

மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்குக் காலை நேரம்தான் மிகக் கடினமாக இருக்கிறது. மாலை நெருங்கும்போது சற்று இலகுவாகிறது. வேறு சிலருக்கு இது தலைகீழ். ஒரு வாரம் மட்டும், காலை, மதியம், இரவு என மூன்று வேளை, மனநிலைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண்ணை நோட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள். எந்த வேளையில் எண் சற்றே உயர்ந்திருக்கிறதோ அதுதான் உங்கள் எழுத்து வேளை. அது இரவு பதினொரு மணியாக இருந்தால் மட்டும் தூக்கத்தைக் கருதிச் சிறிது முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

படி 3: மிக மோசமான நாளைக் கொண்டு அளவைத் தீர்மானியுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் நல்ல நாளில் அமர்ந்து திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டம் கெட்ட நாளில் உடைகிறது. குளிக்கவும் மனமில்லாமல் படுத்திருந்த நாளை நினைத்துக்கொண்டு, அன்றும் செய்திருக்க முடியும் என்று தோன்றுகிற அளவை எழுதி வையுங்கள். பெரும்பாலோருக்கு அது ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும். நல்ல நாளில் இரண்டு பக்கம் வந்தால் வரட்டும், ஆனால் மறுநாளுக்கான அளவு ஒரு வாக்கியம்தான்.

அந்த ஒரு வாக்கியத்தை, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள். ‘மாலைக் காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நோட்டைத் திறப்பேன்’ என்பதுபோல, எது நடந்தால் எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘இப்போது எழுதலாமா, வேண்டாமா’ என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் வேலை இதனால் இல்லாமல் போகிறது. முடிவெடுப்பதே பாரமாக இருப்பவருக்கு இது பெரிய உதவி.

எழுந்து உட்கார முடியாத நாட்களில் படுத்தபடியே பேசி எழுதலாம். செல்பேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக் குறியைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிவிடும். ஒற்றுப்பிழையும் நிறுத்தக்குறியும் ஏறுமாறாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் எழுதினீர்கள் என்று எண்ணிக் காட்டும் செயலிகளை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். விட்டுப்போன ஒரு நாளுக்காக எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிக் காட்டும் கருவி இந்த நோய்க்கு உகந்ததன்று.

படி 4: உணர்வில் தொடங்காமல் பொருளில் தொடங்குங்கள்

இதுவே இந்தச் செய்முறையின் மையம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மனச்சோர்வு உள்ளவர் நோட்டைத் திறந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: ‘எல்லாம் வெறுமையாக இருக்கிறது. எதுவும் பிடிக்கவில்லை. எப்போதும் இப்படித்தான்.’ அவரைப் பொறுத்தவரை இந்த மூன்று வரிகளும் உண்மை. ஆனால் நான்காவது வரி வருவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்படி கேட்டால், சோர்ந்த மனம் குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லாமல் ‘சின்ன வயதில் எப்போதும் திட்டு வாங்குவேன்’ என்று மொத்தமாகவே சொல்லும். உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் தம் சக ஆய்வாளர் ஒருவரோடு 1986இல் இதைத் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் கண்டறிந்து எழுதினார். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு இருப்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. கதைக்கு வேண்டியதோ அந்தக் குறிப்பிட்ட நாள்தான்: எந்த அறை, என்ன சட்டை, யார் வாசலில் நின்றார்கள். நினைவு அதைத் தர மறுக்கும்போது, கண்முன் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்வதே எளிய வழி.

அதற்கான சட்டகம் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். உணவு, மரம், பறவை, தொழில் போன்றவை கரு. புணர்தல், பிரிதல், இருத்தல் முதலிய ஒழுக்கங்கள் உரி. மூன்றில் உரிப்பொருளே சிறந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், சிறந்தது கடைசியில் வந்தால் போதும். நீங்கள் முதற்பொருளிலிருந்து புறப்படுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எழுதிப் பார்ப்போம்.

முதல்: ‘பங்குனி மாதம், மதியம் மூன்று மணி. மாடி அறை. மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடுகிறது.’

கரு: ‘மேசைமேல் காலையில் போட்ட காப்பி ஆறி ஆடை படர்ந்திருக்கிறது. ஆடையின் ஓரத்தில் ஓர் எறும்பு. எதிர்வீட்டுக் கொடியில் ஒரே ஒரு பள்ளிச் சட்டை. சட்டைப் பையின் அடியில் நீல மைக்கறை. பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி தெருமுனையில் திரும்புகிறது.’

இவற்றில் எதற்கும் கற்பனை தேவைப்படவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் போதுமானதாக இருந்தது. இப்போது பட்டியலைப் படித்து, எந்தப் பொருள் கேள்வி எழுப்புகிறது என்று பாருங்கள். பள்ளி நடக்கும் நாளில் பள்ளிச் சட்டை ஏன் கொடியில் இருக்கிறது? துவைத்துப் போட்டவர் யார்? பையன் வீட்டில் எந்த அறையில் இருக்கிறான்? ‘சங்கர் அன்றைக்குப் பள்ளிக்குப் போகவில்லை என்பது, எதிர்வீட்டு மாடியில் இருந்தவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது’ என்று ஒரு வாக்கியம் எழுதினால், கதை தொடங்கிவிட்டது. அந்த வாக்கியத்தில் சோகம் என்ற சொல்லே இல்லை. ஆனால் பகலெல்லாம் மாடி அறையில் இருக்கும் அவள் யார், ஏன் அங்கே இருக்கிறாள் என்ற கேள்வியில் உங்கள் நிலைமை வந்து அமர்ந்திருக்கிறது. குடிக்காமல் விட்ட காப்பியும் அதையே சொல்கிறது. வாசகர் அதை எடுத்துக்கொள்வார், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கவிதை எழுத விரும்புகிறவர்கள் கேள்வி கேட்கும் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு, பட்டியலில் இருந்து இரண்டு பொருள்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

படி 5: எதிர்பார்ப்பையும் நடந்ததையும் குறித்து வையுங்கள்

எழுத அமரும் முன், ‘இன்று இது எவ்வளவு பிடிக்கும்’ என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். முடித்தபின் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று இன்னொன்று போடுங்கள். மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையில் ஒவ்வொரு செயலுக்கும் இன்பத்துக்கு ஒன்று, செய்து முடித்த நிறைவுக்கு ஒன்று என மதிப்பிடச் சொல்வதுண்டு. இது அதன் எளிய வடிவம். சோர்ந்த மனம் வருவதைப் பெரும்பாலும் குறைத்தே கணிக்கும். ஒன்று என்று எழுதிய இடத்தில் முடிவில் மூன்று வந்திருப்பதை உங்கள் கையெழுத்திலேயே சில முறை பார்த்தால், அடுத்த முறை ‘எழுதி என்ன ஆகப்போகிறது’ என்று மனம் சொல்லும்போது காட்டுவதற்குச் சான்று இருக்கும். எண் குறைந்தே வந்தாலும் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

படி 6: சொந்த வலியை எழுதுவதானால்

உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் முன்பைவிடக் கனத்திருந்தது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம். ஆகவே படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்; கடிகாரம் வைத்து எழுதுங்கள்; எழுதியபின் செய்ய ஒரு சிறு வேலையை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற ஒன்றை, முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமாவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; நோட்டிலும் அதைச் செய்ய முடியும். நேற்றைய பக்கமும் இன்றைய பக்கமும் ‘ஏன் எனக்கு மட்டும்’ என்றே சுற்றினால், ‘நான்’ என்ற இடத்தில் ‘அவள்’ என்றோ ‘அவர்’ என்றோ மாற்றி, அந்த ஆள் இப்போது எங்கே நிற்கிறார் என்று எழுதுங்கள். அப்போதும் சுற்றினால் அன்றைக்கு மூடி வையுங்கள். இறந்துவிடலாம் என்ற எண்ணம் எழுதும் பக்கத்தில் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே ஒரு மனிதக் குரலைத் தேடுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

படி 7: தாழ்ந்த நாளில் திருத்தாதீர்கள்

தாழ்ந்த நாளில் எதைப் படித்தாலும் குப்பையாகத்தான் தெரியும். அன்று கிழிக்கவோ அழிக்கவோ கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எழுதியதை அழகாகப் படியெடுப்பது, பொருட்பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பது போன்ற கைவேலைகள் அன்றைக்குப் போதும். திருத்தத்தை, மனநிலை உங்கள் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும் நாளுக்கு ஒத்திவையுங்கள்.

படி 8: ஒரே ஒரு வாசகர்

சில பக்கங்கள் சேர்ந்ததும் ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். விருப்பக்குறிகளை எண்ணும் சமூக ஊடகம் இந்தக் கட்டத்துக்கு ஏற்றதன்று. யாரும் பார்க்காமல் போன பதிவு ஒரு வாரத்தைக் கெடுத்துவிடும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இலக்கியம் அறிந்தவரா என்பதைவிட, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவரா என்று பாருங்கள். கொடுக்கும்போதே என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ‘அக்கா, இது நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டாம். எந்த இடம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, எந்த இடம் புரியலை, அது ரெண்டை மட்டும் சொல்லுங்க. அவசரம் இல்லை.’ அவர் படித்துவிட்டு உங்கள் உடல்நலத்தைப் பற்றிக் கவலையோடு கேட்கத் தொடங்கினால் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, மைக்கறை பட்ட சட்டை அவருக்குத் தெரிந்ததா என்று மறுபடி கேளுங்கள்.