சின்னக் கமராவோடு ஒரு சனிக்கிழமைக் காலை: மிரர்லெஸ் பழகுவோருக்கு

புதிதாக மிரர்லெஸ் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, இதில் நல்ல படம் வருமா?" வரும். பெரிய டிஎஸ்எல்ஆர் கமராக்களில் வெளிச்சத்தை மேலே கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடி (மிரர்) ஒன்று உள்ளே இருக்கும். அதை எடுத்துவிட்டதால்தான் இந்தக் கமராவின் உடம்பு சிறுத்தது. படத்தைப் பதிகிற சென்சர் சிறுக்கவில்லை. சோனி ஏ6000, ஃபுஜியின் எக்ஸ்-டி வரிசை போன்றவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சர் 23.5 × 15.6 மி.மீ. அளவு. நிக்கனின் சாதாரண டிஎஸ்எல்ஆர்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஒலிம்பஸ், பானசோனிக் கமராக்களின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் கொஞ்சம் சிறியது, 17.3 × 13 மி.மீ. இருட்டில் சற்றுத் தடுமாறும். பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆகவே பெரிய கமராவுக்குக் காசு சேர்ப்பதை விட்டுவிட்டு, கையில் இருப்பதை விரல்களுக்குப் பழக்குங்கள். கொழும்பில் நான் பழகிய வழியை அப்படியே சொல்கிறேன்.

1. வீட்டில் அரை மணி நேரம்

வெளியே போகுமுன் மெனுவுக்குள் ஒருமுறை உட்கார்ந்து எழும்புங்கள். தெருவில் நின்று மெனு தேடினால் படம் போய்விடும்.

கோப்பு வகையை ரா (சென்சர் பதிந்தது அப்படியே இருக்கும் கோப்பு), ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) இரண்டும் சேர்த்து வையுங்கள். இன்றைக்கு ரா கோப்பைத் திறக்கத் தெரியாவிட்டாலும், ஆறு மாதம் கழித்துத் தெரிய வரும்போது இன்றைய படங்கள் உங்களுக்காகக் காத்திருக்கும். டயலை 'ஏ'யில் வையுங்கள்: அப்பெர்ச்சரை (லென்ஸ் துவாரத்தின் அளவை) நீங்கள் தீர்மானிப்பீர்கள், ஷட்டர் வேகத்தை (வெளிச்சம் எவ்வளவு நேரம் பதிகிறது என்பதை) கமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ (பதிந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பது) ஆட்டோ, மேல் எல்லை 6400. குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்ற தெரிவு உங்கள் கமராவில் இருந்தால் அது 1/250 விநாடி. இந்தக் கடைசி அமைப்பைப் பலர் கவனிப்பதில்லை. நடந்து போகிற மனிதர் 1/60இல் கலங்கிப்போவார். கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் பிடிக்கும், எதிரே நடப்பவரைப் பிடிக்காது.

பீப் சத்தத்தை நிறுத்துங்கள். ஃபோகஸ் உதவி விளக்கையும் அணையுங்கள், முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம் அடித்தால் யாருக்கும் பிடிக்காது. எடுத்த படம் தானாகத் திரையில் வருவதையும் நிறுத்துங்கள். அந்த இரண்டு விநாடிக்குள்தான் அடுத்த படம் நடந்து முடியும்.

2. ஒரே ஒரு லென்ஸ்

ஏபிஎஸ்-சியில் 23 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட பழைய ஃபிலிம் கமராவின் 35 மி.மீ. பார்வையைத் தரும். 35 மி.மீ. வைத்திருந்தால் அது ஐம்பதுக்குக் கிட்ட வரும். இரண்டில் எதுவும் சரி. கமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால் 23, 24 பக்கம் ஸூமை வைத்துவிட்டு, ஒரு மாதம் தொடாதீர்கள். கிட்ட வேண்டுமென்றால் நடந்து போங்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) என்ன விழும் என்பது பிறகு கமராவைத் தூக்குமுன்னரே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

3. கறுப்புக் கோயிலும் வெள்ளைச் சீருடையும்

இந்தப் பகுதியை மட்டும் நிறுத்தி வாசியுங்கள். என் படங்கள் மாறியது இதற்குப் பிறகுதான்.

கமராவுக்கு எது கறுப்பு, எது வெள்ளை என்று தெரியாது. சட்டத்துக்குள் இருப்பதைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அது பார்க்கும். கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திரும்பக் கட்டுவித்த கோயில் அது. வெளியே நின்று அந்தக் கருங்கல்லைச் சட்டம் நிறைய வைத்தால், கமரா "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கல்லின் கறுமை போய் வெளிறிய சாம்பல்தான் வரும். பாடசாலை விடுகிற நேரம் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக வரும்போது நேர்மாறாக நடக்கும். வெள்ளை அழுக்காகத் தெரியும்.

இதற்கு மருந்து, பல கமராக்களின் மேலே + − என்று குறித்திருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல். கருங்கல்லுக்கு −1. வெள்ளைச் சீருடைக்கு +0.7 அல்லது +1. டிஎஸ்எல்ஆர்காரர்கள் எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டியதை, மிரர்லெஸ்ஸில் அழுத்துமுன்னரே வ்யூஃபைண்டருக்குள் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரைக்குள்) பார்க்கலாம். டயலைத் திருகத் திருகப் படம் இருளும், வெளுக்கும். உங்களுக்கு அப்படித் தெரியவில்லை என்றால், அமைப்புகளின் விளைவைத் திரையில் காட்டும் தெரிவு அணைந்திருக்கிறது. மெனுவில் தேடி இயக்குங்கள்.

இப்போது கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்கு வாருங்கள். விடிய ஏழரை மணி, குறுக்குத் தெரு ஒன்று. கடைகளுக்கு நடுவே உள்ள சந்தால் வெயில் ஒரு கீற்றாகத் தெருவில் விழுகிறது, சுற்றிலும் நிழல். நாட்டாமிமார் (சுமை தூக்கும் தொழிலாளர்கள்) மூட்டை ஏற்றிய கைவண்டியோடு அந்தக் கீற்றைக் கடந்து போகிறார்கள். கமரா நிழலைப் பார்த்துப் படத்தை வெளுக்கச் செய்யும், வெயிலில் இருக்கும் தோள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். டயலை −1.3க்குத் திருகுங்கள். நிழல் கறுத்து, கீற்று மட்டும் மிஞ்சும். அப்பெர்ச்சரை எஃப்8இல் வையுங்கள். வெயில் விழும் தரையில் ஃபோகஸ் பிடித்துவிட்டு ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே காத்திருங்கள். வண்டியின் சக்கரம் முதலில் வரும், பிறகு கை, பிறகு வியர்வையில் மினுங்கும் கழுத்து. முகம் வெளிச்சத்துக்குள் வரும் கணத்தில் அழுத்துங்கள். பத்துப் பேர் கடந்தால் ஒரு படம் கிடைக்கும். அது நல்ல கணக்குத்தான்.

வெளுத்துப் போன வெள்ளையை ரா கோப்பிலும் மீட்க முடியாது. நிழலை ஓரளவு மீட்கலாம். சந்தேகம் வந்தால் இருட்டுப் பக்கம் சாயுங்கள்.

அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளை எல்லோரும் நிமிர்ந்து நின்று எடுப்பார்கள். நீங்களும் ஒன்று எடுத்துவிட்டு, கீழே தெருவில் நடப்பதைப் பாருங்கள்.

4. கேட்டு எடுங்கள்

சின்னக் கமராவின் பெரிய பலன் இங்கேதான். நீளமான லென்ஸைக் கண்டால் மனிதர்கள் விறைத்துப் போவார்கள், இதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதற்காக ஒளிந்து எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கிட்ட இருந்து ஒருவரின் முகத்தை எடுப்பதென்றால் "ஐயா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் "போட்டோ எகக் கன்னத?" போதும். வேண்டாம் என்று தலையாட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கேட்டபின் முதல் படத்தில் போஸ் கொடுப்பார்கள், அதையும் எடுங்கள். பிறகு அவர் வேலைக்குத் திரும்பும்போது வருவதுதான் உங்கள் படம்.

கோயிலுக்குள் என்றால் உள்ளே இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள், மூலஸ்தானத்தை எடுக்கவே வேண்டாம். துறைமுக வாசல், படையினரின் காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

5. டியூப் லைட்டும் மாலை வெளிச்சமும்

கடைக்குள் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்காகப் பட்டை பட்டையாக விழலாம். இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் நிலையில் 1/100 அல்லது 1/50 வையுங்கள், சரியாகிவிடும்.

மாலையில் காலி முகத்திடலோ வெள்ளவத்தைக் கடற்கரையோ, உங்கள் விருப்பம். கொழும்பில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். அது மறைந்ததும் சனம் கிளம்பும், நீங்கள் இன்னும் கால் மணி நேரம் நில்லுங்கள். வெள்ளவத்தையில் தண்டவாளத்தின் மேல் நின்று மட்டும் எடுக்காதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது.

6. பூஞ்சணம்

என் முதல் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல்போலக் கிளை விட்ட பூஞ்சணம். துணியால் துடைக்க முடியாத இடம். அன்றைக்கு அழுகை வந்தது.

கொழும்பின் ஈரக்காற்றில் இது யாருக்கும் நடக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கமராவைப் பைக்குள்ளேயே இருபது, முப்பது நிமிடம் வைத்திருங்கள், இல்லையென்றால் கண்ணாடி ஆவி பிடித்துவிடும். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். மிரர்லெஸ்ஸில் சென்சருக்கு முன்னால் அந்த மிரர் இல்லை, உப்பும் தூசியும் நேரே அதில்தான் போய் ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் உடம்பை இலேசாக ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். அப்புறம், இன்னொரு பற்றரி கட்டாயம். வ்யூஃபைண்டர் எரிந்துகொண்டே இருப்பதால் இந்தக் கமராக்கள் பற்றரியை வேகமாகக் குடிக்கும்.

7. இருநூறில் ஐந்து

எடுத்த அன்றே தெரிவு செய்யாதீர்கள், மறுநாள் பாருங்கள். இருநூறு படத்தில் ஐந்தை மட்டும் வையுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே தெருவுக்கே போங்கள், புது இடம் தேட வேண்டாம். போகும்போது, கேட்டு எடுத்த ஒருவருடைய படத்தை 4ஆர் அளவில் (4 × 6 அங்குலம்) அச்சடித்துக் கொண்டு போங்கள்.

நான் முதன்முதலில் கொடுத்தது ஒரு நாட்டாமி ஐயாவுக்கு. கைவண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சாரத்தில் துடைத்துக்கொண்டுதான் படத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயில் சுற்றி, வண்டியில் இருந்த பைக்குள் வைத்துவிட்டு, "தம்பி, அடுத்த கிழமை என் மகனும் வருவான், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒன்று எடுங்கள்" என்றார்.